நெற்குவியலில் யார் முத்திரை? ஆரணிப் பக்கத்துக் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

ஆரணியை அடுத்த ஓர் ஊர்க்காரர் கேட்டிருக்கிறார். அவருடைய கொள்ளுத் தாத்தா பெயரில் உள்ள கிரயப் பத்திரத்தில் ‘ஆரணி ஜாகீர்’ என்றும் ‘பசலி 1321’ என்றும் எழுதியிருக்கிறதாம். பாட்டி ஊர் ஏரியை நவாப் வெட்டிய ஏரி என்கிறாராம். பள்ளிப் புத்தகமோ அந்தப் பகுதி விஜயநகரத்தில் இருந்தது என்று சொல்கிறது. பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர், சிவாஜி இந்த வழியாகத்தான் வந்தார், நாம் மராத்தியருக்குக் கட்டுப்பட்டிருந்தவர்கள் என்று அடித்துச் சொல்கிறாராம். “1600க்கும் 1800க்கும் இடையே எங்கள் ஊரை உண்மையில் ஆண்டது யார்? ஒரே வரியில் சொல்லுங்கள்” என்பது கேள்வி.

ஒரே வரியில் சொல்ல முடியாது. மூன்று பேர் சொல்வதும் சரி. ஏரி விஷயத்தில் மட்டும் பாட்டியோடு எனக்கு ஒரு சின்னப் பிணக்கு உண்டு, அதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்பது ராஜா யார் என்று. உங்கள் கையில் இருப்பதோ பத்திரம். பத்திரத்துக்கு ராஜாவைப் பற்றி அக்கறை கிடையாது. விளைகிற நிலத்தில் யாருக்கு என்ன பாத்தியதை என்பதுதான் அதன் கவலை. ஆகவே உங்கள் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொள்கிறேன்: அந்த 200 ஆண்டுகளில் உங்கள் ஊர்க் களத்து நெல் யார் யார் வீட்டுக்குப் போனது?

என்னைப் பற்றி இரண்டு வரி. வட ஆற்காட்டில் வருவாய்த் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன். அதில் பெரும்பகுதி பதிவறையில் கழிந்தது. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த அலுவலகத்தில் ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க நூறு வருடத்துப் பழைய பதிவேடு ஒன்றை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். மழைச் சாரலில் அதன் பாதிப் பக்கங்கள் கூழாகிவிட்டன. மிச்சமிருந்த பாதியை உலர்த்திப் படித்ததில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. ஓய்வுக்குப் பிறகு கல்வெட்டு வாசிக்கவும் கற்றுக்கொண்டேன். பழைய தமிழெழுத்தும் கிரந்தமும் படிப்பேன். தெலுங்கு தட்டுத் தடுமாறி. பாரசீகமும் மோடி எழுத்து மராத்தியும் தெரியாது. நவாப் காலத்துச் சங்கதிகளை மொழிபெயர்ப்பு வழியாகவே படித்தவன் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் களத்து மேட்டுக்கு வாருங்கள். கதிர் அடித்து, தூற்றி, நெல்லைக் குவித்தாகிவிட்டது. உழுதவன் அதில் ஒரு படி கூட எடுக்க முடியாது. குவியலின் மேல் ஈரமண்ணோ சாம்பலோ வைத்து மர முத்திரை குத்தியிருக்கும். கை வைத்தால் முத்திரை கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். பங்கு பிரிக்க ஆள் வரும்வரை தலையாரி காவல். பிறகு மரக்கால் இறங்கும். கோயிலுக்கு, கர்ணத்துக்கு, தலையாரிக்கு, மடை திறப்பவருக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு, குயவருக்கு, வண்ணாருக்கு, நாவிதருக்கு என்று பொதுக் குவியலிலிருந்து முதலில் மேரை என்ற ஊழியப் பங்கு போகும். மிஞ்சியதில் மேல்வாரம் ஆள்பவருக்கு, குடிவாரம் உழுதவனுக்கு. பெரும்பாலும் சரிபாதி என்று ஏட்டில் இருக்கும். களத்தில் அது சரிபாதியாக இருந்த நாள்கள் குறைவு. கவனிக்க வேண்டியது, மேல்வாரம் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை பேர் நின்றார்கள் என்பதைத்தான். உங்கள் ஊரின் 200 வருட அரசியலும் அந்த மேல்வாரத்தை யார் எப்படிக் கூறு போட்டார்கள் என்பதே.

1600க்கு வருவோம். ஆட்சி விஜயநகரத்தினுடையது, ஆனால் விஜயநகரம் என்ற ஊர் அப்போது பாழ். 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு ராயர்கள் பெனுகொண்டாவுக்கும் அங்கிருந்து சந்திரகிரிக்கும் நகர்ந்திருந்தார்கள். நம் பக்கத்துக்குப் படைவீட்டு ராஜ்யம் என்று பெயர். போளூருக்கு அருகே உள்ள படவேடுதான் அது. வேலூரில் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்தவர்கள் சின்ன பொம்மு நாயக்கரும் அவர் வழியினரும். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேசுவரர் கோயிலுக்கு அவர் கேட்டுக்கொண்டதன்பேரில் தரப்பட்ட ஊர்களைப் பற்றிய 1566ஆம் ஆண்டுக் கல்வெட்டில் சுவாமியின் பெயர் ‘ஜ்வரகண்டேசுவரர்’. காய்ச்சலைத் தீர்க்கிற சிவன். அகழித் தண்ணீர் நடுவே இருந்ததாலோ என்னவோ ஜுரம் ஜலமாகிவிட்டது.

உங்கள் ஊரிலிருந்து அடையபலம் எவ்வளவு தூரம்? போயிருக்காவிட்டால் ஒரு முறை போய் வாருங்கள். சைவ வேதாந்த அறிஞர் அப்பய்ய தீட்சிதரின் ஊர் அது. அங்குள்ள காலகண்டேசுவரர் கோயிலின் 1582ஆம் ஆண்டுக் கல்வெட்டு, சின்ன பொம்மு நாயக்கர் தீட்சிதருக்குப் பொன்னால் அபிஷேகம் செய்ததையும், அந்தப் பொன் 500 மாணவர்களுக்குச் சைவ வேதாந்தம் கற்பிக்கப் பயன்பட்டதையும் சொல்கிறது. படிக்கும்போது மெய்சிலிர்க்கும். எனக்கோ தொழில் புத்தி குறுக்கே வரும்: அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? களத்து மேட்டிலிருந்துதான். ஆரணிப் பக்கத்துக் குடியானவன் குவித்த முத்திரைக் குவியல், வேலூரில் பொன்னாகி, அடையபலத்தில் பாடமாகிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் கல்வெட்டில் பொன் இருக்கும், களம் இருக்காது. வாசிப்பவன்தான் களத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ராயருக்கும் நாயக்கருக்கும் உறவு எப்படி இருந்தது என்பதற்கு ஆற்காட்டுக்குப் பக்கத்து விளாப்பாக்கமே சாட்சி. 1601இல் வேங்கடபதி ராயர் அந்த ஊரைத் தானமாகக் கொடுத்த செப்பேடு இருக்கிறது. கொடுப்பவர் ராயர், கேட்டுக் கொடுக்கச் செய்பவர் சின்ன பொம்முவின் மகன் லிங்கம நாயக்கர். ஊரின் எல்லைகளெல்லாம் சொல்லி, ராயர் வம்சப் புகழோடு நாயக்கர் வம்சத்தையும் பாடி, இருவர் மனமும் கோணாமல் எழுதியிருக்கிறார்கள். விளாப்பாக்கத்தை அன்று ஆண்டவர் யார் என்று கேட்டால் என்ன சொல்வது? ராயரின் கையெழுத்து இல்லாமல் தானம் செல்லாது. நாயக்கர் வாய் திறக்காமல் ராயர் கை எழுத்துப் போடாது. இத்தனை நேசமும் சில ஆண்டுகள்தான். ராயரின் படையே வேலூரை முற்றுகையிட்டு லிங்கமனிடமிருந்து கோட்டையைப் பறித்தது. ராயர் அரண்மனையும் வேலூருக்கு வந்தது.

அந்த அரண்மனையில் 1614இல் நடந்ததைச் சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை. வேங்கடபதி இறக்கும்போது தன் அண்ணன் மகன் ஸ்ரீரங்கனை வாரிசாக்கினார். ராணி ஒருத்தியின் உடன்பிறந்தவனான ஜக்கராயனுக்கு அது பிடிக்கவில்லை. புது ராயரையும் குடும்பத்தையும் சிறையிலிட்டான். வெளியே புது ராயரின் பக்கம் நின்ற எச்சம நாயக்கர் படையோடு நிற்கிறார்; உள்ளே போக வழியில்லை. அரண்மனைத் துணி எடுக்கும் வண்ணார் ஒருவர், ராயரின் பன்னிரண்டு வயது மகனை அழுக்கு மூட்டைக்குள் வைத்துக் கட்டி, காவலைத் தாண்டி வெளியே கொண்டுவந்துவிட்டார். மிச்சமிருந்த குடும்பத்தை ஜக்கராயன் கொன்றான். அந்தப் பையன்தான் பிறகு ராமதேவ ராயர். 1616 டிசம்பரில் பர்ராதாஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார் எழுதிய கடிதத்தில் இது விரிவாக இருக்கிறது. அவர் கேள்விப்பட்டதை எழுதியவர், ஆகவே மூட்டைக் கதையில் கொஞ்சம் மெருகு இருக்கலாம். கொலையும் அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போரும் சந்தேகத்துக்கு இடமில்லாதவை. தோப்பூரில் தஞ்சை நாயக்கர் ஒரு பக்கமும் மதுரை, செஞ்சி நாயக்கர்கள் மறு பக்கமும் நின்று மோதினார்கள். எனக்கு வருத்தம் ஒன்றுதான். இத்தனை ராஜாக்களின் பெயரும் நமக்குத் தெரியும். மூட்டை சுமந்தவர் பெயரைப் பாதிரியார் எழுதி வைக்கவில்லை.

இங்கே ஒரு கிளைக்கதை. ராஜா மாறினால் ஊர் வழக்கமும் மாறியதா என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். பெரும்பாலும் இல்லை, ஏனென்றால் வழக்கத்தை ராஜா விதிக்கவில்லை. உங்கள் காலத்துக்கு முந்தியதென்றாலும், விரிஞ்சிபுரம் கோயில் கோபுரத்தில் உள்ள 1426ஆம் ஆண்டுக் கல்வெட்டைச் சொல்கிறேன். படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்களில் கன்னடர், தமிழர், தெலுங்கர், குஜராத் பக்கத்து லாட நாட்டிலிருந்து வந்தவர் எல்லோரும் கூடி ஓர் உடன்படிக்கை எழுதிக்கொள்கிறார்கள்: இனிமேல் திருமணத்தைக் கன்னிகாதானமாகவே செய்ய வேண்டும்; பெண்ணுக்காகப் பொன் வாங்குகிறவனும் பொன் கொடுத்துப் பெண் கொள்கிறவனும் ராஜதண்டனைக்கு உட்படுவார்கள், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள். கீழே ஊர் ஊராகக் கையெழுத்து. அப்போது ராயர் தேவராயர். பெயர் தலைப்பில் இருக்கிறது. ஆனால் விதித்தது கூட்டம், ராயர் வேலை தடியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும். தடைசெய்ய வேண்டியிருந்தது என்றால் வழக்கம் பரவலாக இருந்தது என்றுதான் பொருள். நான்கு மொழிக்காரர்கள் ஒரே ராஜ்யத்தில் ஒரே காகிதத்தில், இல்லை, ஒரே கல்லில் கையெழுத்துப் போட்டிருப்பதையும் பாருங்கள். வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒரு மொழி கேட்கிறதே என்று ஆச்சரியப்படுகிறவர்களுக்கு இந்தக் கல்லைத்தான் நான் காட்டுவது.

சரி, ஜாகீருக்கு வருவோம். உங்கள் பத்திரத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. 1640களிலும் 50களிலும் கோல்கொண்டாப் படையும் பீஜப்பூர்ப் படையும் நம் பக்கம் இறங்கின. ராயர் ஆட்சி கரைந்தது. வேலூரும் ஆரணியும் பீஜப்பூர்க் கைக்குப் போயின. பீஜப்பூர்ப் படையில் பெரிய தளபதி ஷாஹாஜி, சிவாஜியின் தகப்பனார். அவர் வழியாக ஆரணியைப் பெற்றவர் வேதாஜி பாஸ்கர் பந்த் என்ற மராத்திய பிராமணர். இது அந்தக் குடும்பத்தின் மரபாக ஆங்கிலேயர் காலக் கையேட்டிலும் ஏறியிருக்கிறது. ஆண்டையும் தேதியையும் நான் கற்பூரம் அடித்துச் சொல்லமாட்டேன். ஆள் சந்தேகத்துக்கு அப்பாற்பட்டவர். ஜாகீர் என்றால் அந்த வட்டத்து வசூலை எடுத்துக்கொள்ளும் உரிமை. மேலே இருப்பவருக்கு ஒரு தொகையும், தேவைப்படும்போது படையும் தர வேண்டும்.

1677இல் சிவாஜி தெற்கே வந்தார். உங்கள் பக்கத்து ஊர்ப் பெரியவர் சொல்வது இதைத்தான். மராத்திக் குறிப்புகளின்படி, வேதாஜி பாஸ்கர் தன் மகன்களோடு போய் ஆரணிக் கோட்டைச் சாவியை சிவாஜி முன் வைத்தார். தகப்பனார் கொடுத்ததை மகனிடம் ஒப்படைக்கிற பாவனை. சிவாஜி சாவியை வாங்கினார், ஆரணியை அவரிடமே விட்டார். கோட்டைக் கொடி மாறிவிட்டது. களத்துக்கு வரும் ஆள் மாறவில்லை. வேலூரில் அப்படி நடக்கவில்லை. பீஜப்பூரின் கோட்டைத் தலைவர் அப்துல்லா கான் சாவியைக் கொடுக்க மறுத்தார். முற்றுகை ஒரு வருடத்துக்கு மேல் நீண்டு, சிவாஜி ஊர் திரும்பிய பிறகு, 1678இல்தான் கோட்டை விழுந்தது. அகழியில் பத்தாயிரம் முதலைகள் இருந்ததாக மராத்தி நூல் சொல்கிறது. அகழியில் முதலை விட்டிருந்தது உண்மை. எண்ணிப் பார்த்தவர் யார் என்பதை வாசகர் முடிவுக்கு விடுகிறேன். இத்தனை மாதங்கள் சுற்றுப்பட்ட ஊர்களின் நெல்லும் வைக்கோலும் யாருக்குப் போயிருக்கும் என்று யோசியுங்கள். பகலில் முற்றுகைப் படை, இரவில் கோட்டைப் படை.

அதன் பிறகு முகலாயர். 1698இல் செஞ்சி அவர்களிடம் விழுந்தது. சில ஆண்டுகளில் ஆற்காடு தலைநகரானது. சாதத்துல்லா கான் 1710 முதல் 1732 வரை நவாபாக இருந்தார். பெயருக்கு டெல்லிக்கும் ஹைதராபாத் நிஜாமுக்கும் கட்டுப்பட்டவர். நடப்பில் தன் சொந்தபந்தங்களைக் கோட்டை கோட்டையாக அமர்த்தினார். வேலூர் அவருடைய உறவினருக்கு. கோட்டையில் அமர்ந்தவருக்குக் கில்லேதார் என்று பெயர். ஆற்காட்டுக்குத் திறை கட்ட வேண்டியவர்கள், கட்டினால் கட்டுவார்கள். ஆரணி ஜாகீரும் இந்த வரிசையில் ஒன்றாகத் தொடர்ந்தது.

நவாப் ஆட்சி எப்படி ஓடியது என்பதை இரண்டு சம்பவங்களில் சொல்லிவிடலாம். 1740 மே மாதம் மராத்தியப் படை தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலியைக் கொன்றது. மகன் சப்தர் அலி பெருந்தொகை தருவதாக ஒப்புக்கொண்டு தப்பினார். அந்தப் பணத்தைத் திரட்ட ஒவ்வொரு கில்லேதாரிடமும் பாக்கி கேட்டார். வேலூரில் இருந்தவர் முர்தசா அலி, சப்தர் அலியின் சகோதரியை மணந்தவர், மாவட்டத்திலேயே பணக்காரர் என்று பெயர் பெற்றவர். 1742 அக்டோபரில் சப்தர் அலி வேலூரில் மச்சான் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருந்தார். முதலில் சாப்பாட்டில் விஷம், பிழைத்துக்கொண்டார். இரவில் ஆள்களை அனுப்பிக் குத்திக் கொன்றார்கள். முர்தசா அலி தன்னை நவாப் என்று அறிவித்துக்கொண்டு ஆற்காடு போனார். படையும் சேரவில்லை, ஊரும் சேரவில்லை. பெண் வேடத்தில் மூடு பல்லக்கில் ஏறி வேலூருக்கே ஓடி வந்தார். வேலூர் நகருக்குக் கிழக்கே உள்ள மலைக்கோட்டைகளில் ஒன்றுக்கு இன்னும் முர்தசாகட் என்றே பெயர். வரி பாக்கிக்காக ஒரு நவாபின் உயிர் போன மாவட்டம் நம்முடையது. ஜமாபந்தி என்ற வருடாந்தரக் கணக்குத் தணிக்கை நாளில் பாக்கிக் கணக்கோடு நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஞாபகம் வரும்.

அடுத்த வருடம் நிஜாம் நேரில் ஆற்காட்டுக்கு வந்தார். ஆற்காட்டு நவாபின் சீமைக்கு அன்று கர்நாடகம் என்று பெயர். அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரையும் கட்டியக்காரன் நவாப், நவாப் என்றே அறிவித்தான். கர்நாடகத்துக்கு ஒரு நவாப் என்றல்லவா நினைத்தேன், இன்று மட்டும் பதினெட்டுப் பேரைப் பார்த்துவிட்டேனே என்று நிஜாம் கடுகடுத்து, இனிமேல் எவனாவது அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தால் சவுக்கடி என்றாராம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து ஆங்கில வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதியது இது. பதினெட்டு என்ற எண்ணைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். ‘யார் ஆண்டார்கள்’ என்ற உங்கள் கேள்வியை 1743இலேயே ஒருவர் எரிச்சலோடு கேட்டிருக்கிறார் என்பதற்காகச் சொன்னேன். பட்டம் பதினெட்டு பேருக்கு இருக்கலாம். களத்துக்கு யார் ஆள் முதலில் போய்ச் சேர்கிறதோ அவரே அந்த வருடத்து நவாப்.

1749 ஆகஸ்ட் 3ஆம் தேதி ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டதையும், 1751இல் கிளைவ் ஆற்காட்டுக் கோட்டைக்குள் முற்றுகை தாங்கியதையும் எல்லாப் புத்தகங்களும் எழுதிவிட்டன. நான் தாண்டிப் போகிறேன். களத்துக்கு முக்கியம் அதற்குப் பின்னால் நடந்தது. கம்பெனி தயவில் நவாபான முகமது அலி வாலாஜா, போர்ச் செலவுக்குக் கம்பெனிக்கே கடன்பட்டார். அதை அடைக்கச் சென்னையில் இருந்த வெள்ளைக்காரத் தனியாரிடம் பெருவட்டிக்கு வாங்கினார். ஈடு என்ன தெரியுமா? இன்னும் விளையாத நெல். இன்ன சீமையின் வசூல் இன்னாருக்கு என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். சீட்டு வைத்திருந்தவர்கள் குத்தகைதாரர்களை விரட்ட, குத்தகைதாரர்கள் அமில்தார்கள் என்ற வசூல் அதிகாரிகளை விரட்ட, அமில்தார்கள் ஊருக்கு வந்தார்கள். பால் பென்ஃபீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் இந்தத் தொழிலில் பெரும் பணக்காரராகி, அந்தக் கடன் விவகாரம் லண்டன் நாடாளுமன்றம்வரை நாறியது. ஆற்காட்டு விவசாயி பார்த்தேயிராத ஒருவர் அவனுடைய மேல்வாரத்தில் பங்குதாரர். இந்தக் காலத்தில் உங்கள் ஊரை ஆண்டது நவாப் என்றால் பாதி உண்மை, கம்பெனி என்றால் கால் உண்மை. மிச்சம் வட்டிக்காரர்.

நடுவே ஹைதர் அலி. 1780 ஜூலையில் இறங்கினார், நவம்பரில் ஆற்காடு அவர் கைக்கு வந்தது. வேலூர்க் கோட்டை பட்டினியோடு தாக்குப்பிடித்தது. சோளிங்கர்ப் போர் 1781 செப்டம்பரில். 1782 டிசம்பரில் சித்தூர் அருகே நரசிங்கராயன்பேட்டை முகாமில் ஹைதர் இறந்தார். இரண்டு வருடங்கள் இந்த மாவட்டத்தில் உழவு ஒழுங்காக நடக்கவில்லை. பிறகு 1801 ஜூலை 31 ஒப்பந்தத்தில் நவாபுக்குப் பட்டமும் ஓய்வூதியமும் மிஞ்சின, நாடு கம்பெனிக்கு. வட ஆற்காடு என்ற ஜில்லா பிறந்தது அப்போதுதான். தலைமையிடம் 1911வரை சித்தூர். ஆரணி ஜாகீர் இதையும் தாண்டியது. நடுநடுவே பிடுங்கப்பட்டும் திரும்பக் கிடைத்தும், பீஜப்பூர், மராத்தியர், முகலாயர், நவாப், கம்பெனி, ராணி அரசாங்கம் என்று எல்லோரையும் பார்த்த அந்த ஜாகீர், 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் முடிவுக்கு வந்தது. ஆரணிக்குப் பக்கத்தில் சத்திய விஜயநகரத்து அரண்மனை நிற்கிறதே, அந்தக் குடும்பம்தான். உங்கள் கொள்ளுத் தாத்தா வரி கட்டியது வெள்ளைக்கார கலெக்டருக்கு அல்ல, அவர்களுக்கு.

பசலி 1321 என்பதோடு 590 கூட்டினால் 1911. ஜூலையில் தொடங்கும் கணக்கு ஆண்டு என்பதால், உங்கள் பத்திரம் 1911 ஜூலைக்கும் 1912 ஜூனுக்கும் இடைப்பட்டது. பசலி முகலாயர் ஏற்படுத்திய அறுவடை ஆண்டு. ‘ஃபஸ்ல்’ என்ற அரபிச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள், இந்தியாவில் அது விளைச்சலையும் குறித்தது. முகலாயர் போய், நவாப் போய், வெள்ளைக்காரர் போய், இன்றைக்கும் ஜமாபந்தி பசலிப்படிதான் நடக்கிறது. உங்கள் பத்திரத்தை எடுத்து ஒரு வரியைப் படியுங்கள். ஜில்லா, தாலுகா, கஸ்பா, ஜாகீர், கிஸ்தி, பாக்கி, வாரிசு, ரசீது எல்லாம் அரபி, பாரசீக வழி வந்தவை. அடுத்த வரியில் எல்லை சொல்லும் இடம் வரும்: ஏரிக்கு மேற்கு, வரப்புக்குக் கிழக்கு, மதகுக்கு வடக்கு, நஞ்சை, புஞ்சை, கிணறு, களம். அதில் ஒரு அந்நியச் சொல்லைக் காட்டுங்கள் பார்ப்போம். வாங்குகிறவர்களின் சொற்கள் வந்து வந்து மாறின. விளைகிற இடத்துச் சொற்கள் இருந்த இடத்தில் இருந்தன. சோழர் காலக் கல்வெட்டுகளில் நிலவரிக்குப் பெயர் ‘கடமை’. அந்த வரியை இன்று யாரும் தண்டுவதில்லை, சொல் மட்டும் நீதிநெறி வகுப்புக்கு இடம் மாறிவிட்டது.

இனி பாட்டியின் ஏரி. இந்தப் பக்கத்து ஏரிகளில் பெரும்பாலானவை நவாபுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. விஜயநகர காலத்தில் ஏரியைப் பழுது பார்த்தவர்களுக்குப் பத்தில் ஒரு பங்கு நிலமோ விளைச்சலோ கொடுக்கும் தசபந்தம் என்ற ஏற்பாடு இருந்தது. ஆகவே ‘நவாப் வெட்டிய ஏரி’ என்பதை நவாப் காலத்தில் கரை உயர்த்திய ஏரி என்று திருத்திக்கொண்டால் பாட்டிக்கும் எனக்கும் சண்டை இல்லை. பழையது எதையும் நவாப் கணக்கில் எழுதுவது நம் ஊர்ப் பழக்கம். செஞ்சி தேசிங்கு ராஜனோடு உடன்கட்டை ஏறிய அவன் மனைவிக்காக நவாப் கட்டியதே ராணிப்பேட்டை என்பார்கள். கதை உருக்கமானது, நான் கதையாகவே வைத்திருக்கிறேன். வேலூர்க் கோட்டையிலிருந்து விரிஞ்சிபுரத்துக்குச் சுரங்கம் உண்டு என்பதை அந்த அளவுக்குக்கூட வைத்திருக்கவில்லை. ஆற்காட்டு மக்கன் பேடாவை நவாபின் சமையலறையில் பிறந்ததாகச் சொல்கிறார்கள். அதற்கு மட்டும் நான் ஆதாரம் கேட்பதில்லை.

ஏரி மதகை ஒரு நாள் போய்ப் பாருங்கள். தூண் கல்லில் எழுத்து இருந்தால் ஆணியால் சுரண்டவோ சுண்ணாம்பு பூசவோ வேண்டாம். பஞ்சாயத்தார் வெள்ளையடிக்கும் நாளையும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லுங்கள். சாயங்காலம் வெயில் சாய்ந்ததும் பக்கவாட்டில் டார்ச் அடித்து, மேலிருந்து கீழாக நான்கு படம் எடுங்கள். தமிழோ கிரந்தமோ என்றால் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். தெலுங்கு என்றால் ஒரு வாரம் கூடுதலாகும்.